சொட்டாத கியர்பாக்ஸ் நல்ல கியர்பாக்ஸ்தானா?

பழைய மோட்டார் சைக்கிளைச் சீரமைக்கக் கொண்டுவருபவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்லும் குறை, கியர்பாக்ஸ் ஒழுகுகிறது என்பதுதான். கியர் விழ மறுக்கிறது, இரைச்சல் கேட்கிறது என்பதெல்லாம் அதற்குப் பிறகே வரும். "இதில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அந்த வண்டியைத்தான் நான் முதலில் திறந்து பார்க்க விரும்புவேன்.

அப்படிப்பட்ட கியர்பாக்ஸின் மூடியைக் கழற்றினால் பல நேரங்களில் உள்ளே கிரீஸ் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். அதுவும் சக்கர பேரிங்குக்குப் போடுகிற கெட்டி கிரீஸ். பார்வைக்குத் தாராளமாகத் தெரியும். பல்சக்கரத்தைத் தொட்டால் விரலில் எதுவும் ஒட்டாது. சுழலும் பற்கள் தம்மைச் சுற்றியிருந்த கிரீஸை முதல் சில நிமிடங்களிலேயே வெட்டி ஒதுக்கிவிடுகின்றன. அது சுவரோரம் அப்பிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். பிறகு சக்கரங்கள் தாம் குடைந்த பள்ளத்துக்குள் வறண்டு சுற்ற வேண்டியதுதான். குழாய்போல் இருக்கும் ஸ்லீவ் கியருக்குள் ஷாஃப்டைத் தாங்கும் வெண்கல வளையமான புஷ்ஷைப் பார்த்தால் வரிவரியாகக் கீறல் விழுந்திருக்கும். அதற்குள் ஓடிய ஷாஃப்ட் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கும். ஒழுகலுக்குச் செய்த வைத்தியம் பெட்டியையே தின்றிருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஏரியல், மேட்ச்லெஸ் வண்டிகளுக்கு பர்மன் நிறுவனமும், ராயல் என்ஃபீல்டுக்கு ஆல்பியன் நிறுவனமும் செய்துகொடுத்த பெட்டிகளில் பலவற்றுக்கு அந்தக் காலக் கையேடுகளே கிரீஸைத்தான் பரிந்துரைத்தன. ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் இன்றைய ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஒரு கம்பளி வளையமோ, ஆயிலை உள்ளே திருப்பிவிடும் சுருள் வரியோதான் காவல். ஆனால் கையேடு சொன்னது இளகிய கிரீஸ். பற்கள் ஒதுக்கினாலும் வழிந்து திரும்பி வந்துவிடும் வகை அது. கிரீஸின் இறுக்கத்தை என்எல்ஜிஐ எண்ணால் குறிக்கிறார்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கூம்பை 5 விநாடி அமிழவிட்டு, அது இறங்கிய ஆழத்தை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக அளப்பார்கள். சக்கர பேரிங்குக்கான 2ஆம் எண் கிரீஸில் அது 265 முதல் 295. 00 எண்ணில் 400 முதல் 430. 000 எண்ணில் 445 முதல் 475. பழைய பெட்டிக்கு ஏற்றவை கடைசி இரண்டும்தான். ஏற்கெனவே உள்ளே இருக்கும் கிரீஸ் என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுவதும் கழுவி எடுத்துவிடுங்கள். லித்தியம் கிரீஸும் களிமண் அடிப்படையிலான கிரீஸும் கலந்தால், ஒன்று தண்ணீராக ஓடும், இல்லாவிட்டால் கட்டிதட்டும்.

ஆயில் ஊற்றும் பெட்டியாக இருந்தால் சிக்கல் வேறு. கியர் ஆயில் டப்பாவில் 90 என்ற எண்ணைக் கண்டு, 50 எண் எஞ்சின் ஆயிலை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி என்று பலர் நினைக்கிறார்கள். கியர் ஆயிலுக்கும் எஞ்சின் ஆயிலுக்கும் அளவுகோல் வேறுவேறு. எஸ்ஏஇ 90 கியர் ஆயிலும் எஸ்ஏஇ 50 எஞ்சின் ஆயிலும் ஓட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதிகம் கவனிக்க வேண்டியது, கியர் ஆயிலின் தரவகையைக் குறிக்கும் ஜிஎல் எண். ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கொண்ட சேர்க்கைப் பொருள் ஜிஎல்-4இல் இருப்பதைவிட ஏறக்குறைய இரு மடங்கு. கார்களின் பின் அச்சுப் பல்சக்கரங்களுக்கு அது தேவை. வெண்கலப் புஷ்ஷுக்கோ, சூடேறும்போது வினைபுரியும் கந்தகம் எமன். இன்றைய ஜிஎல்-5 ஆயில்கள் எல்லாமே செம்பை அரிக்கும் என்று சொல்ல மாட்டேன். விவரத்தாளில் ஏஎஸ்டிஎம் டி130 என்ற செம்புப் பட்டைச் சோதனையின் முடிவைப் பாருங்கள்: 1ஏ, 1பி என்றால் பட்டை அநேகமாக மாறவில்லை, 4 என்றால் கறுத்துவிட்டது. விவரமே கிடைக்கவில்லையா, ஜிஎல்-4 போதும்.

இனி ஒழுகலுக்கு வருவோம். சீலைக் குற்றம் சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஆயில் அளவு. வண்டியை நேராக நிறுத்தி, அளவுத் துளையின் விளிம்போடு ஆயில் நிற்கிறதா என்று பாருங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்த்துவைத்துப் பார்ப்பது வீண். மற்றொன்று, காற்றுத் துளை. பல பெட்டிகளில் அது ஆயில் மூடியிலேயே ஊசி நுழையும் அளவுக்குத்தான் இருக்கும். மூடிக்குப் பளபளப்பாகப் பெயின்ட் அடிக்கும்போது முதலில் அடைபடுவது அதுதான். பெட்டி சூடேறியதும் உள்ளே காற்று விரிகிறது. வெளியேற வழி இல்லாததால் புத்தம்புது சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளிவருகிறது.

அடுத்தது தேய்மானம். ஸ்லீவ் கியர் புஷ் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடும். ஆடுகிற ஷாஃப்டை எந்த சீலும் பிடித்துவைக்காது. ஸ்ப்ராக்கெட்டின் உட்பற்கள் வழியாகவும் ஆயில் கசியும்; அங்கே மெல்லப் பூசிய சீலன்ட் போதும். உள்ளே குழாயாக இருக்கும் மெயின் ஷாஃப்டில் கிளட்சைத் தள்ளும் கம்பியான புஷ்ராடை ஒட்டியே ஆயில் ஊர்ந்து போவதும் உண்டு. அப்படியானால் தரையில் ஒரு சொட்டும் இருக்காது. கிளட்ச் தட்டுகள் நனைந்து வழுக்கும். பலர் ஸ்பிரிங்கை இறுக்கி இறுக்கியே களைத்துப் போவது இதில்தான்.

சீலை மாற்றும்போது ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயிலை நோக்கி இருக்க வேண்டும். ஷாஃப்டில் பழைய சீல் போட்ட பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால், புது சீலின் உதடு அதே பள்ளத்தில் உட்காராதபடி ஆழத்தைச் சிறிது மாற்றிப் பொருத்துங்கள். கம்பளி வளையமாக இருந்தால் இளஞ்சூடான ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். ஒரு பக்கம் ரப்பர் மூடிய பேரிங்கைப் போடுவதும் நல்ல வழியே; மூடிய பக்கம் வெளியே இருக்கட்டும். இரு பக்கமும் மூடியது கிடைத்தால் உள்பக்க ரப்பரைக் கழற்றிவிடுங்கள், பேரிங்குக்கும் ஆயில் வேண்டும்.

அலுமினிய மூடியை ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பிய வடு இல்லாத பழைய வண்டி அபூர்வம். கனமான கண்ணாடித் தகட்டின் மேல் உப்புத்தாள் விரித்து மூடியை எட்டுப்போல் வளைத்துத் தேய்த்தால் மேடு எங்கே என்று பளபளப்பு காட்டிக்கொடுக்கும். இதற்குச் சோம்பல்பட்டு சிலிக்கானை அள்ளிப் பூசுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வெளியே பிதுங்குவதைத் துடைத்துவிடலாம்; உள்ளே பிதுங்கியது அறுந்து ஆயில் வழியை அடைத்துக்கொள்ளும். மூடிக்கு அடியில் வைக்கும் காகிதப் பேக்கிங்கின் கனத்தையும் மாற்றாதீர்கள். சில பெட்டிகளில் ஷாஃப்டின் நீளவாட்டு ஆட்டத்தைத் தீர்மானிப்பதே அந்தக் காகிதம்தான்.

எல்லாம் மாட்டிய பிறகு ஊற்றிய முதல் ஆயிலைச் சில நூறு கிலோமீட்டரிலேயே, பெட்டி சூடாக இருக்கும்போது வடித்து, வெள்ளைத் தட்டில் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பொன்னிறத் தூள் சிறிதளவு மினுங்கினால் புதுப் புஷ் பழகுகிறது. அடுத்த முறையும் அதே அளவு வந்தால் புஷ்ஷின் இடைவெளியை அளக்க வேண்டும். எஃகுச் செதில் காந்தத்தில் ஒட்டினால் பல்லின் மேல்தோல் பெயர்கிறது என்று அர்த்தம். வண்டியை மறுபடி ஓட்டாமல் மூடியைத் திறந்துவிடுங்கள்.