கட்டுரையைப் படித்துத்தான் மதிப்பிட வேண்டும்: டோரா பிரகடனம் சொல்வது என்ன?

ஆய்வாளர்களின் பதவி உயர்வுக்கான விண்ணப்பங்களில் 'இதழின் இம்பாக்ட் ஃபேக்டர்' என்று ஒரு கட்டம் இருப்பதுண்டு. ஓர் ஆய்விதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள்கள் வந்தன, அதாவது மற்ற ஆய்வுகள் அவற்றை எத்தனை முறை சுட்டின என்பதைச் சொல்லும் எண் அது. அதில் எழுதும் எண்ணைக் கூட்டிப் பார்த்தே முடிவெடுத்துவிடும் குழுக்கள் உண்டு. கட்டுரையை யாரும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. இந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்வதுதான் டோரா எனப்படும் சான்பிரான்சிஸ்கோ பிரகடனம். 2012 டிசம்பரில் அமெரிக்க உயிரணு உயிரியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேச்சு தொடங்கி, 2013 மே மாதம் வெளியானது. மொத்தம் 18 பரிந்துரைகள்.

அவற்றில் முதலாவதுதான் உயிர்நாடி: இம்பாக்ட் ஃபேக்டர் போன்ற இதழ் சார்ந்த எண்களை ஒரு தனிக் கட்டுரையின் தரத்துக்கோ, ஒருவரின் பங்களிப்புக்கோ அளவுகோலாக்கக் கூடாது, வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி எதற்கும் கூடாது.

ஏன்? கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் இதழ் இரண்டு ஆண்டுகளில் 100 கட்டுரைகள் வெளியிட்டது. அடுத்த ஆண்டில் அவற்றுக்கு 400 மேற்கோள்கள் வந்தன என்று வைத்துக்கொள்வோம். 400ஐ 100ஆல் வகுத்தால் இம்பாக்ட் ஃபேக்டர் 4. அந்த 400இல் 250ஐ இரண்டே கட்டுரைகள் அள்ளிக்கொண்டால், மீதி 98க்கும் சேர்த்து 150தான். கட்டுரைக்குச் சுமார் ஒன்றரை. அந்த 98இல் ஒன்றை எழுதியவருக்கும் 4, அள்ளியவருக்கும் 4. இது இரண்டு பேருக்குமே அநியாயம். எந்த இதழை வாங்கலாம் என்று நூலகர்கள் முடிவுசெய்ய உதவிய கணக்கை ஆளை எடைபோடப் பயன்படுத்தினால் இப்படித்தான் ஆகும்.

2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த எச்-இன்டெக்ஸ் ஆளுக்கானதுதான்: ஒருவரின் எத்தனை கட்டுரைகள் தலா குறைந்தது அத்தனை மேற்கோள் பெற்றிருக்கின்றன என்ற எண். ஆனாலும் அதுவும் ஏமாற்றும். தலா 1,000 மேற்கோள் பெற்ற மூன்றே கட்டுரைகள் எழுதியவருக்கு 3. தலா 10 மேற்கோள் பெற்ற பத்துக் கட்டுரைகள் எழுதியவருக்கு 10.

டோரா சட்டமல்ல. நிறுவனமும் கையெழுத்திடலாம், தனிநபரும் இடலாம். உங்கள் நிறுவனம் இட்டிருந்தால், எந்த அடிப்படையில் தேர்வு செய்கிறீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்லும்படி நீங்கள் கேட்கலாம். தரவுத் தொகுப்பு, மென்பொருள் ஆகியவற்றையும் கணக்கில் எடுக்கச் சொல்லலாம். ஓர் ஆய்வு கொள்கையிலோ நடைமுறையிலோ மாற்றம் கொண்டுவந்திருந்தால் அதையும் பிரகடனம் தாக்கமாகவே பார்க்கிறது. கையெழுத்திடாத இடமென்றாலும் விண்ணப்பத்தில் ஒவ்வொரு முக்கியக் கட்டுரைக்கும் இரண்டு வரி சேருங்கள்: என்ன கண்டறிந்தீர்கள், அதில் உங்கள் கை எது, யாருக்குப் பயன்பட்டது.

ஆய்வை மதிப்பிடும்போது எண்களை எப்படிக் கையாள்வது என்று சொல்லும், 2015இல் வந்த லைடன் அறிக்கையின் பத்துக் கொள்கைகளையும் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் மாறும், கணிதக்காரரை உயிரியலாளரோடு ஒப்பிடாதே என்கிறது அது. உள்ளூர்ச் சிக்கல்களை ஆராய்ந்து உள்ளூர் மொழியில் எழுதப்படும் நல்ல ஆய்வைக் காப்பாற்றவும் சொல்கிறது. எனக்கு இதுவே அதில் மிகப் பெரிய விஷயம். மதிப்பிடப்படுபவர் தன்னைப் பற்றிய தரவைச் சரிபார்க்க இடம் தர வேண்டும் என்பது இன்னொரு கொள்கை. மேற்கோள்களை எண்ணித் தரும் தளங்களில் கூகுள் ஸ்காலரில் ஓர் எச்-இன்டெக்ஸும் ஸ்கோபஸில் வேறொன்றும் வருவது சகஜம். எதிலிருந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள். உங்கள் பெயருள்ள இன்னொருவரின் கட்டுரை சேர்ந்திருந்தாலோ, உங்களுடையது விடுபட்டிருந்தாலோ, எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.