கிரியாட்டினின் நார்மல் என்றால் சிறுநீரகமும் நார்மலா?

சர்க்கரை நோயாளிகள் கையில் வைத்திருக்கும் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் ரத்த கிரியாட்டினின் மட்டுமே இருக்கும். 1.0 என்று பார்த்ததும் 'கிட்னி நல்லாயிருக்கு' என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் அந்த எண் லேசில் அசையாது. வடிகட்டும் திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் பலருக்கு அது ஏறவே தொடங்கும். தசையிலிருந்து வரும் கழிவு என்பதால் மெலிந்தவர்களை இன்னும் ஏமாற்றும். அதே 1.0, 30 வயது ஆணுக்கு இஜிஎஃப்ஆர் (கிரியாட்டினின், வயது, பாலினம் வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன்) 100க்கு மேல் என்று கணக்கு தரும். 75 வயதுப் பெண்ணுக்கோ 60க்குக் கீழே இறங்கிவிடும்.

பெரும்பாலானவர்களுக்கு முதலில் கெடுவது வடிகட்டியின் சல்லடை. அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். அப்போது வலியோ வீக்கமோ இருக்காது. நுரை, கால் வீக்கம் எல்லாம் வெகு தாமதமாக வருபவை. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் இந்தச் சிறு கசிவு தப்பிவிடும். கேட்க வேண்டியது அல்புமின்-கிரியாட்டினின் விகிதம், அதாவது ஏசிஆர். காலையின் முதல் சிறுநீர் போதும்; நாள் முழுக்கச் சேகரிக்க வேண்டியதில்லை. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மி.கி.க்குக் கீழே இயல்பு. 300ஐத் தாண்டினால் கடுமையான கசிவு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி எல்லாம் எண்ணை ஏற்றிக் காட்டும். அதனால் 3 முதல் 6 மாதத்துக்குள் எடுத்த மூன்று பரிசோதனைகளில் குறைந்தது இரண்டில் கூடியிருந்தால்தான் உறுதி.

டைப் 2 என்றால் நோய் தெரிந்த அன்றே இந்தப் பரிசோதனை வேண்டும். அது எத்தனை ஆண்டுகளாக ஒளிந்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. டைப் 1 என்றால் 5 ஆண்டுகளுக்குப் பிறகு. அதன்பின் ஆண்டுதோறும், இஜிஎஃப்ஆருடன் சேர்த்து.

கசிவு உறுதியானால் ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே வர வேண்டும். பெயர் 'பிரில்' அல்லது 'சார்ட்டன்' என்று முடியும் மாத்திரைகள் வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தையே குறைப்பவை. அழுத்தம் குறைவதால் கிரியாட்டினின் சற்று ஏறும். இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. 30 சதவீதம் வரையிலான ஏற்றத்தைப் பொதுவாக ஏற்றுக்கொள்ளலாம். தொடங்கி 2 முதல் 4 வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். இரண்டு வகையையும் சேர்த்து எடுக்கக்கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை டைப் 2 நோயாளிகளுக்கு இஜிஎஃப்ஆர் 20 வரை இறங்கியிருந்தாலும் தொடங்கலாம். அந்த நிலையில் அவை சர்க்கரையை அதிகம் குறைக்காது, கொடுப்பது சிறுநீரகத்துக்காக. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தம் முக்கியம்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து சாப்பிட முடியாத நாட்களில் மேலே சொன்ன மாத்திரைகள், மெட்ஃபார்மின், நீர் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எத்தனை நாள் என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலினை மட்டும் தாமாக நிறுத்தக்கூடாது. மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கி விழுங்குவது, நீரிழந்த சிறுநீரகத்துக்குப் பெரிய அடி. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது ஆபத்து.

இன்னொன்று, பலர் சந்தோஷமாகச் சொல்லும் விஷயம்: 'முன்பு 40 யூனிட் போட்டேன், இப்போது 20 போட்டாலே சர்க்கரை இறங்கிவிடுகிறது.' உணவும் எடையும் மாறாமல் இப்படி நடந்தால், நோய் குணமாகிறது என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. தளர்ந்த சிறுநீரகம் இன்சுலினை வெளியேற்றாமல் உடம்பிலேயே தங்கவிடுகிறது என்றும் இருக்கலாம். அந்த வாரமே இஜிஎஃப்ஆர் பாருங்கள். இரவில் சர்க்கரை தாழ்ந்துபோகும் முன் அளவைக் குறைக்க வேண்டும்.