சத்தம் எப்போது வருகிறது என்று கவனித்தீர்களா?

“இன்ஜினில் ஏதோ சத்தம்” என்று பைக்கைப் பட்டறைக்குக் கொண்டு வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தச் சத்தத்தை வாயாலேயே எழுப்பிக் காட்டுவார்கள். டக்டக், கடகட, சர்ர். சிலர் கைப்பேசியில் பதிவு செய்து வருகிறார்கள். கைப்பேசியின் மைக் பேச்சுக் குரலுக்காக அமைந்தது. உரத்த ஒலியைத் தானாகவே தணித்துவிடும். அடித்தொண்டையில் முனகுவது போன்ற தாழ்ந்த தட்டலைக் கிட்டத்தட்ட விழுங்கியே விடும். அதைக் கேட்டு இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிற மெக்கானிக்கிடம் சற்று எச்சரிக்கையாகவே இருங்கள்.

எனக்கு வேண்டிய தகவல் வேறு. காலையில் முதல் முறை கிளப்பும்போதா, நன்றாகச் சூடேறிய பிறகா? நின்ற இடத்திலா, ஓடும்போது மட்டுமா? மேட்டில் இழுக்கும்போதா, ஆக்சிலேட்டரை விடும்போதா? கிளட்சைப் பிடித்தால் மாறுகிறதா? இவற்றுக்குப் பதில் இருந்தால் ஸ்பேனரைத் தொடும் முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

நின்றிருக்கும்போது எவ்வளவு முறுக்கினாலும் சத்தமில்லை, நகர்ந்தால்தான் வருகிறது என்றால் முதலில் இன்ஜினை விட்டுவிட்டு செயின், அது ஓடும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட், சக்கர பேரிங், பிரேக் ஆகியவற்றைப் பாருங்கள். உறுதி செய்துகொள்ள எளிய வழி உண்டு. ஆளில்லாத நேரான சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். இன்ஜின் வேகம் உடனே இறங்கும், சக்கரம் அதே வேகத்தில் உருண்டுகொண்டிருக்கும். சத்தம் எதோடு போகிறது என்று பாருங்கள். சக்கரத்தோடு தொடர்ந்தால் இன்ஜின் மீது பழி இல்லை. அதேபோல, நியூட்ரலில் வரும் கடகடப்பு கிளட்சைப் பிடித்ததும் மறைந்தால் கிளட்ச் பக்கமோ கியர்பாக்ஸ் பக்கமோ தேட வேண்டும். பல வண்டிகளில் அது ஓரளவு இயல்பான சத்தம்தான்.

அடுத்தது தாளம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு முறை சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு முறை சுற்றும். ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஓடவிடும்போது, கிராங்க் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால் ஒவ்வொரு வால்வும் 700 முறைதான் திறந்து மூடும். அதனால் வால்வைத் தள்ளும் இடத்தில் விட்டிருக்கும் சிறு இடைவெளியில் எழும் டேப்பெட் சத்தம் இன்ஜின் வேகத்தில் பாதித் தாளத்தில், இலேசாக, மேலிருந்து வரும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. புகை வெளியேறுவதும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான். ஆகவே சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில் கசிவு இருந்தால், அதுவும் அச்சு அசலாக டேப்பெட் போலவே டிக் டிக் என்று கேட்கும்.

இதில் மாட்டிக்கொண்ட வண்டி ஒன்று என்னிடம் வந்தது. இழுக்கும்போது டிக் டிக், மேட்டில் இன்னும் உரக்க. வேறோர் இடத்தில் டேப்பெட்டை இறுக்கியிருந்தார்கள், கேமைச் சுழற்றும் டைமிங் செயினையும் மாற்றியிருந்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். உரிமையாளர் பாதி மனதோடு அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தார்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜின் மீது அழுத்தி, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது பழைய வழி. காசில்லாத ஸ்டெதஸ்கோப். வால்வு மூடியில் வைத்தேன். சீரான மெல்லிய ஓட்டம். சிலிண்டரில் ஒன்றுமில்லை. கிராங்க்கேஸில் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டு நிமிர்ந்தால் டிக் டிக் துல்லியமாகக் கேட்டது. உலோகத்தில் கேட்காத சத்தம் காற்றில் கேட்கிறதென்றால் அது காற்றாலேயே உண்டாகிற சத்தம். ஸ்க்ரூடிரைவருக்குப் பதில் ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேரும் எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சைச் சுற்றி மெதுவாக நகர்த்தினேன். அடிப்பக்கம் வந்ததும் புஸ் புஸ் என்று காதில் அடித்தது. இன்ஜின் ஆறிய பிறகு குனிந்து பார்த்தால், நட்டு மாட்டும் ஸ்டட் ஓரத்தில் மை தடவியதுபோல் மெல்லிய கரிக்கோடு. ஒரு நட்டு தளர்ந்து, கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் ஒரு பக்கம் நசுங்கிப் போயிருந்தது. கேஸ்கெட்டை மாற்றி இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்கியதும் சத்தம் போய்விட்டது.

வேலை அதோடு முடியவில்லை. டேப்பெட்டைச் சோதித்தபோது புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வில், இடைவெளி அளக்கும் 0.05 மில்லிமீட்டர் தகடான ஃபீலர் கேஜ்கூட நுழையவில்லை. சத்தத்தை அடக்கும் அவசரத்தில் இறுக்கிவைத்திருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் சூடு பெரும்பாலும் அது தன் சீட்டில் (வால்வு மூடி உட்காரும் வளையம்) அமர்ந்திருக்கும் நேரத்தில்தான் இறங்குகிறது. இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக அமராது, சூடு இறங்காது, விளிம்பு கருகத் தொடங்கும், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) போகும். சிறிய வண்டிகளில் இந்த இடைவெளி பெரும்பாலும் நூறில் சில பங்கு மில்லிமீட்டர் முதல் 0.10 மில்லிமீட்டரை ஒட்டிய அளவு வரை இருக்கும். இன்டேக்குக்கும் எக்ஸாஸ்டுக்கும் வேறுவேறாகவும் இருக்கலாம். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே கணக்கு. இன்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிற்க வேண்டும். இலேசாகச் சத்தம் போடும் டேப்பெட்டை எனக்குப் பிடிக்கும். சத்தமே போடாததைத்தான் சந்தேகப்படுவேன்.

கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை மறைக்கும் பழக்கமும் இதே வகைதான். கொஞ்ச நாள் அடங்கியதுபோல் இருக்கும். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் அந்த ஆயில் மேலே போய்ச் சேரத் தாமதமாகும், தேய்மானம் கூடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குளிரில் தட்டி, சூடேறியதும் மறைவது பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி. பிஸ்டன் விரிந்ததும் அடங்கும். ஆக்சிலேட்டரை விடும்போது பக்கவாட்டில் சரசரப்பது டைமிங் செயின் அல்லது அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். பெரிய கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே திடீரென்று முறுக்கும்போது சில்லறை குலுங்குவது போல் கேட்டால், எரிபொருள் முறைதவறி வெடிக்கிறது, கியரைக் குறையுங்கள். தளர்ந்த சைலன்சர் கவசமும் நம்பர் பிளேட்டும் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்து இன்ஜின் சத்தம் போல ஏமாற்றும். இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

இன்ஜினை ஓடவிட்டுக் கேட்பதாக இருந்தால் திறந்த வெளியில் செய்யுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை, கூந்தல் எதுவும் சுழலும் பாகங்களுக்கு அருகே வரக்கூடாது.

ஓட்டுவதை உடனே நிறுத்த வேண்டிய சத்தம் ஒன்று உண்டு. அடியிலிருந்து வரும் கனத்த தட்டல்; இன்ஜின் சூடேறி ஆயில் இளக இளகக் கூடும், இழுக்கும்போது இன்னும் பலமாகும். இது கனெக்டிங் ராட் பேரிங்காக இருக்கக்கூடும். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். பிறகு ஆயிலை வடித்து, அதில் ஒரு காந்தத்தை விட்டு எடுங்கள். சாம்பல் நிறக் களிம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தால் பயமில்லை. கையில் நெருடும் துகள்கள் ஒட்டினால் எஃகு பாகம் ஏதோ அரைபடுகிறது. காந்தத்தில் ஒட்டாமல் ஆயிலில் மின்னுபவை அலுமினியமாக இருக்கலாம். அந்த வண்டியைப் பட்டறை வரை ஓட்டி வராதீர்கள், வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். வடித்த ஆயிலையும் கொட்டிவிடாமல் ஒரு சுத்தமான டப்பாவில் மூடி, கூடவே கொடுத்தனுப்புங்கள்.