சின்னத் தழும்பு பைபாஸ்: டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும்?

“யம்மா, விலா இடுக்குல சின்னதாக் கீறியே பைபாஸ் பண்ணிடுறாங்களாமே, நமக்கு அது ஆகாதா?” தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி கேட்டார். இதயத்தின் மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு, கூடவே பல வருடச் சர்க்கரை. மும்பையில் இதய நோயாளிகளுக்குப் பிசியோதெரபி செய்யும் என்னிடம் பலரும் கேட்பதுதான் இது.

சின்னக் கீறல் முறையில் மார்பெலும்பை அறுப்பதில்லை. இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே புகுந்து, பெரும்பாலும் இதயத்தின் முன்பக்கக் குழாய்க்கு மட்டும் மாற்றுப்பாதை போடுவார்கள். எலும்பு ஒன்றுசேரக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் முதல் சில நாள் விலா நரம்பு வலி கடுமையாக இருக்கலாம். பல குழாய்களுக்கும் இப்படிச் செய்கிற மருத்துவமனைகள் உண்டு, எல்லோருக்கும் ஒத்துவராது.

இதயத்தை நிறுத்திச் செய்வதா, துடிக்கும்போதே செய்வதா என்பது அடுத்த குழப்பம். 4,752 பேரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வின் 5 வருட முடிவு 2016-ல் வந்தது. மரணம், பக்கவாதம், மாரடைப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்ததில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதனால் டாக்டரிடம் தழும்பின் நீளத்தைக் கேட்காதீர்கள், உடம்பின் எந்தக் குழாயை எடுத்து மாற்றுப்பாதையாக ஒட்டப் போகிறார்கள் என்று கேளுங்கள். மார்பின் உள்பக்கத் தமனியை முன்பக்கக் குழாயில் இணைத்தால், 10 வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு அது திறந்திருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரையில் கிட்டத்தட்ட பாதி அதற்குள் அடைபட்டுவிடும்.

அண்ணாச்சிக்கு நடுமார்பைத் திறந்துதான் செய்தார்கள். மார்பெலும்பை ஸ்டீல் கம்பியால் கட்டியிருப்பார்கள். எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரம், சிலருக்கு 12 வாரம்கூட ஆகும். சர்க்கரை ஏறினாலோ பீடி பிடித்தாலோ இன்னும் தள்ளிப்போகும். அதுவரை கையை ஊன்றி எழக் கூடாது. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ள வேண்டும். மூச்சுப் பயிற்சிக்குத் தரும் பந்துக் கருவியை ஊதக் கூடாது, மெதுவாக உறிஞ்ச வேண்டும். பாதிப்பேர் ஊதிக்கொண்டுதான் இருப்பார்கள். பைக் வேண்டாம், லோக்கல் டிரெயின் நெரிசல் வேண்டவே வேண்டாம். நடையை மட்டும் தினமும் கொஞ்சம் கூட்டுங்கள். மார்பில் ‘கடக்’கென்று சத்தம், காயத்தில் கசிவு, காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

நாலாவது வாரமே அண்ணாச்சி மாவுக் குண்டானில் கை வைத்துவிட்டார். “வலியே இல்லம்மா” என்றார். வலி போனாலும் எலும்பு கூடியிருக்காது என்று அவர் சம்சாரத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்புறம் இரண்டு மாதத்துக்குக் குண்டானை மகன்தான் தூக்கினான்.