ஸ்ட்ராபெரியைக் கடித்தது எலி இல்லை, டீச்சர்

போன நவம்பரில் குன்னூரில் மூன்று நாளாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. என் நாற்றுப்பண்ணையில் செடி வாங்கியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் போன் செய்தார்.

"தம்பி, எலி வந்து பழத்தையெல்லாம் கடிச்சு வைக்குது. பொறியில ஒண்ணும் மாட்ட மாட்டேங்குது. காலையில ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

"ராத்திரி ஒன்பது மணிக்கு வர்றேன் டீச்சர்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சரி, வாங்க என்றார்.

டார்ச்சோடு போனேன். வாசல் திண்ணையை ஒட்டிப் பதினெட்டுத் தொட்டிகள். சிவந்த பழம் ஒன்றைத் திருப்பிக் காட்டினேன். அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் குழி. குழிக்குள் சாம்பல் நிறத்தில் ஓடு இல்லாத நத்தை ஒன்று, நம்மைக் கண்டுகொள்ளாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அரை மணி நேரத்தில் இருபத்துமூன்று பொறுக்கினோம். டீச்சர் உள்ளே போய்க் கல்லுப்பு டப்பாவோடு வந்தார். அதைத் தடுத்ததுதான் அன்றைக்கு நான் செய்த உருப்படியான வேலை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இதைச் சிலர் அட்டை என்கிறார்கள். அட்டை ரத்தம் குடிப்பது, அது வேறு இனம். இது நத்தைதான், முதுகில் ஓடு மட்டும் இல்லை. ஓடு இல்லாததால் உடம்பின் ஈரத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. வெயில் பட்டால் வற்றிவிடும். அதனால் பகல் முழுக்க இருட்டான, ஈரமான ஓர் இடத்தில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, இருட்டியதும் கிளம்புகிறது. "நத்தைக்கு என்ன மருந்து?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது பகலில் எங்கே படுத்திருக்கிறது என்று கேட்பவரை இத்தனை வருடத்தில் நான் ஐந்தாறு பேரைத்தான் பார்த்திருப்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் குற்றவாளி யாரென்று உறுதி செய்துகொள்ளுங்கள். கொண்டைக்குருவி பகலில் வந்து மேல்பக்கத்தில் கொத்தும். கொத்து கூர்மையாக இருக்கும். அணிலும் எலியும் பழத்தைப் பறித்துக்கொண்டே போய்விடும், அல்லது பல் பதிந்த தடம் விடும். நத்தை கடித்த குழி வழவழப்பாக, சுரண்டி எடுத்த மாதிரி இருக்கும். பெரும்பாலும் மண்ணைத் தொடும் பக்கத்தில்தான் இருக்கும். பக்கத்து இலையிலோ தொட்டி விளிம்பிலோ காய்ந்த கோந்து போல வெள்ளிக்கோடு மின்னும். காலையில் அந்தக் குழிக்குள் எறும்போ மரவட்டையோ இருந்தால் அவற்றைக் குற்றம் சொல்லாதீர்கள். பெரும்பாலும் அவை ராத்திரி விருந்தின் மிச்சத்துக்கு வந்தவை.

டீச்சர் வீட்டில் படுக்கை எங்கே என்று தேடினோம். ஒவ்வொரு தொட்டிக்கு அடியிலும் தண்ணீர் தேங்கும் தட்டு. தொட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. செடிக்குக் கீழே காய்ந்த இலைகளை அகற்றவே இல்லை. அதற்கும் மேல், யாரோ சொன்னார்கள் என்று நான்கு விரல் கனத்துக்கு வைக்கோல் பரப்பியிருந்தார். வைக்கோல் பழத்தை மண்ணில் படாமல் காக்கும், உண்மைதான். ஆனால் மழைக்காலத்தில் நனைந்த வைக்கோல் நத்தைக்கு மெத்தை. அதைக் கிளறியபோது ஜவ்வரிசி ஊறியது போல முட்டைக் குவியல்கள் கிடந்தன. வைக்கோல் வேண்டுமென்றால் காய் பிடித்த பிறகு மெல்லிசாகப் போடுங்கள், நனைந்தால் மாற்றுங்கள். நான் அதைவிடக் கொட்டாங்குச்சியைத்தான் விரும்புகிறேன். ஓட்டை போட்டுக் கவிழ்த்து, பழக்கொத்தை அதன் மேல் படுக்க வைத்தால் மண்ணில் படாது. காலையில் கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒளிந்திருப்பதும் கையோடு மாட்டும்.

அடுத்தது தண்ணீர் விடும் நேரம். டீச்சர் மாலை ஆறு மணிக்குப் பூவாளியில் ஊற்றுவார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். நத்தை கிளம்பும் நேரத்துக்குச் சரியாகப் பாதையை நனைத்துக் கொடுக்கிற மாதிரி அது. காலையில், வேர்ப்பக்கம் மட்டும், இலையில் படாமல் ஊற்றுங்கள். மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். வழுக்கிப் போக ஈரம் இல்லாத இடத்தில் நத்தை தன் கோழையைச் செலவழித்துத்தான் நகர வேண்டும். அது அதற்குக் கட்டாது. இன்னொரு லாபமும் உண்டு. பழத்தில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படரும் பூஞ்சை, ராத்திரி முழுக்க இலையும் பழமும் நனைந்தே கிடந்தால்தான் அதிகம் வரும். காலைப் பாசனத்தில் அதுவும் குறைகிறது. செலவில்லாத இந்த மாற்றத்தைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன். மழை நாளில் இது உதவாது, ஒத்துக்கொள்கிறேன். அப்போது கூரைக்கு அடியில் நகர்த்த முடிகிற தொட்டிகள்தான் கைகொடுக்கும்.

இடையில் செடியைப் பற்றியும் கொஞ்சம். நாம் சாப்பிடும் ஸ்ட்ராபெரி மலைநாட்டுப் பழம் மாதிரித் தோன்றினாலும், அது வட அமெரிக்கச் செடி ஒன்றும் சிலி நாட்டுச் செடி ஒன்றும் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தற்செயலாகக் கலந்து பிறந்தது. வீட்டுக்கு வின்டர் டான், கமரோசா, ஸ்வீட் சார்லி போன்ற ரகங்கள் போதும். சமவெளியில் இருப்பவர்கள் அக்டோபர், நவம்பரில் நட்டு மார்ச்சுக்குள் பறித்து முடித்துக்கொள்வது நல்லது. ஏப்ரல் வெயிலோடு மல்லுக்கட்ட வேண்டாம். நடும்போது வேருக்கு மேலே, இலைகள் கிளம்பும் குருத்து முடிச்சு மண் மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், மேலே தூக்கி நின்றால் காயும். புதிதாக நடுபவர்களின் செடி செத்தால் பத்தில் ஏழு இதனால்தான் என்பது என் கணக்கு. மண் லேசான அமிலத்தன்மையோடு, பி.எச். 5.5-இலிருந்து 6.5-க்குள் இருக்கட்டும். தென்னைநார்க் கழிவு கலந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும்.

உப்பு என்றதும் டீச்சரின் டப்பா. உப்பு போட்டால் நத்தை சாகும், யாரும் மறுக்கவில்லை. ஆனால் பயிர்களில் உப்பைச் சற்றும் தாங்காதவற்றில் ஸ்ட்ராபெரி ஒன்று. தொட்டியில் தூவிய உப்பு அடுத்த தண்ணீரில் கரைந்து வேருக்குப் போகும். முதலில் இலை ஓரம் கருகும், அப்புறம் செடியே குறுகிப்போகும். டீச்சர் ஏற்கெனவே இரண்டு தொட்டிகளில் தூவியிருந்தார். அந்த மண்ணைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சாம்பலும் இதே கதைதான். காய்ந்த சாம்பலின் மேல் நத்தை போகத் தயங்கும். ஒரு தூறல் போட்டால் அந்தத் தடுப்பு கரைந்துவிடும். திரும்பத் திரும்பப் போட்டால் மண்ணின் அமிலத்தன்மை போய்ச் சுண்ணாம்பு பக்கம் சாயும். இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடம் மஞ்சளாக மாறும். பலர் அதைச் சத்துக் குறைவு என்று நினைத்து உரம் போடுகிறார்கள்.

முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுவது எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் சுற்றுகிறது. இங்கிலாந்தின் ராயல் ஹார்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-ல் முட்டை ஓடு, செம்புப் பட்டை, கூர்மணல், மரப்பட்டை, கம்பளி உருண்டை ஐந்தையும் லெட்டூஸ் கீரையைச் சுற்றிப் போட்டுச் சோதித்தது. எதுவும் போடாத செடிக்கும் இவற்றுக்கும் சேதத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முட்டை ஓட்டை உரத்துக்காகப் போடுங்கள், தடுப்பாக நம்ப வேண்டாம்.

காபிச் சக்கையைத் தூவினால் நத்தை அண்டாது என்பார்கள். அதில் மட்டும் ஓர் உண்மை இருக்கிறது. ஹவாயில் அமெரிக்க வேளாண் துறையினர் காபீன் 1 முதல் 2 சதவீதம் கலந்த கரைசல் நத்தைகளைக் கொல்கிறது என்று 2002-ல் வெளியிட்டார்கள். நம் வீட்டு ஃபில்டரில் மிஞ்சும் சக்கையில் அந்தக் காபீனில் பெரும்பகுதி இருக்காது, அதைத்தான் நாம் குடித்துவிட்டோமே. சக்கை எருக்குழிக்கு நல்லது.

கடையில் விற்கும் நீலக் குருணை பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதில் இருப்பது மெட்டால்டிஹைடு. நத்தையை இழுப்பதற்காகத் தவிடு போன்ற தீனியில் கலந்திருப்பார்கள். அந்தத் தீனி நாய்க்கும் பிடிக்கும். சில வருடத்துக்கு முன்பு என் வாடிக்கையாளர் ஒருவர் வேறொரு கடையில் வாங்கிய குருணையை, எச்சரிக்கை எதுவும் சொல்லப்படாமல், தொட்டியைச் சுற்றிக் கைப்பிடி கைப்பிடியாகப் போட்டார். அவர்கள் வீட்டு நாய்க்கு அன்று மாலையே நடுக்கமும் வலிப்பும் வந்து, மறுநாள் போய்விட்டது. இந்த விஷத்துக்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. அறிகுறிகளைக் கட்டுப்படுத்தத்தான் கால்நடை மருத்துவரால் முடியும், அதுவும் நேரத்தோடு கொண்டுபோனால். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் ஆபத்து என்று பிரிட்டன் 2022 மார்ச் இறுதியோடு திறந்தவெளியில் இதைப் பயன்படுத்தத் தடை போட்டுவிட்டது. நாயோ, பூனையோ, தவழும் குழந்தையோ இருக்கிற வீட்டில் இது வேண்டாம். இரும்பு பாஸ்பேட் குருணை கிடைத்தால் அது பரவாயில்லை. தின்ற நத்தை இரை எடுப்பதை நிறுத்திச் சில நாளில் மண்ணுக்குள் போய்ச் செத்துவிடும். அதையும் அளவாகத் தூவுங்கள்.

என் அனுபவத்தில் கைதான் நல்ல மருந்து, கையுறையோடு. இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச், இடுக்கி, சோப்புத் தண்ணீர் வாளியோடு போங்கள். உப்பு போட்டே தீர வேண்டும் என்றால் அந்த வாளியில் போடுங்கள், ஆனால் அதைத் தொட்டியில் கொட்டாதீர்கள். தொடர்ந்து ஒரு வாரம், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். மதிலுக்கு அப்பால் வீசாதீர்கள், நத்தை திரும்பி வரும். வராவிட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போகும்.

பொறி வைக்க விரும்பினால் நனைத்த சாக்குத் துண்டின் கீழே பப்பாளித் தோல் அல்லது முட்டைக்கோஸ் இலை வைத்து, விடியற்காலையில் தூக்கிப் பாருங்கள். பீர் வைத்தால் வரும் என்பதும் சரிதான், ஈஸ்ட் வாசனைக்கு வருகிறது. அதற்காக டாஸ்மாக் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. மைதாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு ஸ்பூன் ஈஸ்ட் போட்டாலும் நத்தைகள் வருகின்றன என்று 2021-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. கிண்ணத்தின் விளிம்பு மண்ணுக்கு மேலே இரண்டு சென்டிமீட்டர் நிற்கட்டும். இல்லாவிட்டால் நத்தை முட்டையைத் தின்னும் நல்ல வண்டுகளும் விழுந்து சாகும். இன்னொன்று, முழுதாகச் சிவந்த பழத்தை ராத்திரிக்கு விட்டு வைக்காதீர்கள். மாலையில் ஒரு சுற்று வந்து பறித்துவிடுங்கள்.

கையுறை என்றேனே, அதற்குக் காரணம் உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு, எலிப் புழுக்கை வழியாக நத்தைக்குள் வந்து சேர்கிறது. அந்த நத்தையையோ, பச்சையாகச் சாப்பிடும் பொருளில் ஒட்டியிருக்கும் அதன் குட்டியையோ தெரியாமல் விழுங்கிவிட்டால் புழு மூளை வரை போய் மூளை உறையில் அழற்சி உண்டாக்கும். 2010-ல் சிட்னியில் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் நண்பர்களோடு விளையாட்டாக ஒரு நத்தையை விழுங்கி, ஒரு வருடத்துக்கு மேல் நினைவின்றிக் கிடந்து, உடல் செயலிழந்து 2018-ல் இறந்தார். கேரளத்திலும் இந்தப் புழுவால் வந்த பாதிப்புகளை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதான நோய்தான், அதற்காகச் செடியைப் பிடுங்கி எறிய வேண்டாம். ஆனால் நத்தை கடித்த பழத்தை, அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடும் பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. அதை நிறுத்துங்கள். நல்ல பழத்தையும் ஓடும் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் திருப்பிக் கழுவுங்கள், காம்புப் புல்லிக்கு அடியில் பார்த்துக்கொள்ளுங்கள். செடியிலிருந்து நேராக வாய்க்குப் போகும் குழந்தையின் கையை நீங்கள்தான் பிடிக்க வேண்டும்.

டீச்சர் வீட்டில் தட்டுகளை எடுத்தோம், தொட்டிகளை ஒரு ஜாண் இடைவெளியில் இரும்பு ஸ்டாண்டில் ஏற்றினோம். முதல் வாரம் ராத்திரிக்கு இருபதுக்குக் குறையாமல் பொறுக்கினார். ஜனவரியில் போன் செய்தபோது, நேற்று இரண்டுதான் என்றார். பொறியை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். எந்தப் பொறி என்றேன். "எலிப்பொறிதான் தம்பி, அது இன்னும் திண்ணையிலேயே கிடக்கு."