காப்புரிமையா, பதிப்புரிமையா?

கேரள எல்லையில் வாளையாறு தாண்டினால் ‘ஜெராக்ஸ்’ பலகைகள் குறைந்து ‘போட்டோஸ்டாட்’ பலகைகள் வந்துவிடும். கம்பெனிப் பெயர்களாகப் பிறந்து பொதுச்சொற்களாகத் தேய்ந்தவை இரண்டும். அங்கே சொல் மாறுவதால் யாருக்கும் நட்டமில்லை. பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி நூலகத்திலோ சொல் மாறியதில் வேலையே நின்றிருந்தது. மலையாளத்தில் ‘பகர்ப்பவகாச நியமம் பாதகம்’ என்றும், அதன் கீழே தமிழில் ‘காப்புரிமை உள்ள நூல்களை நகலெடுக்கக் கூடாது’ என்றும் ஓர் அறிவிப்பு. நான்கு பக்கம் நகல் கேட்ட தமிழ் எம்.ஏ. மாணவிக்கு அந்தத் தாளைத்தான் காட்டினார்கள்.

மலையாளத்தில் ‘பாதகம்’ என்றால் ‘பொருந்தும்’. சட்டம் பொருந்தும் என்ற வரி, தமிழுக்கு வரும்போது பஞ்சமாபாதகம் ஆகிவிட்டது. ‘பகர்ப்பு’ அங்கே நகல். ஆதாரத்தின் பகர்ப்பு என்றால் பத்திரத்தின் நகல். நமக்கோ பகர்தல் சொல்வதும் விற்பதும்: ‘பகர்வனர் திரிதரு நகர வீதி’ என்கிறது சிலம்பு. ‘அவகாசம்’ அவர்களுக்கு உரிமை, நமக்குக் கெடு. ஆக, ‘பகர்ப்பவகாசம்’ என்றால் காப்பிரைட். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் ‘நகலெடுக்கத் தரப்பட்ட கெடு’ என்று கேட்பதும் பாதி உண்மைதான். இந்த உரிமைக்குக் கெடு உண்டு. இந்தியாவில் ஆசிரியர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும். பிறகு நூல் எல்லோருக்கும் பொது.

காப்பிரைட்டுக்குத் தமிழில் ‘காப்புரிமை’ எப்படி வந்தது? ‘காப்பி’யைக் ‘காப்பு’ என்று கேட்ட காது செய்த வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒலி பொருந்துகிறது, பொருள் பொருந்தவில்லை. காப்பு என்றதும் பூட்டும் காவலும்தான் நினைவுக்கு வருகின்றன. போதாததற்குச் செய்தித்தாள்கள் கண்டுபிடிப்புக்கான உரிமையான பேடன்டையும் காப்புரிமை என்றே எழுதுகின்றன. மருந்துக் கண்டுபிடிப்பும் கவிதைத் தொகுப்பும் ஒரே சொல்லில் முட்டிக்கொள்கின்றன. காப்புரிமையைப் பேடன்டுக்கே விட்டுவிடலாம்.

மூலச்சொல்லில் காவல் இல்லை. ‘கோப்பியா’ என்ற லத்தீன் சொல்லுக்கு மிகுதி, வளம் என்று பொருள். படியெடுத்தல் என்பது பின்னால் வந்தது. இங்கிலாந்தில் ஆன் அரசி காலத்தில், 1710-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் புதிய நூல்களை அச்சிடும் உரிமையை ஆசிரியருக்கு 14 ஆண்டுகள் தந்தது. அச்சகத்தில் பிறந்த உரிமைக்குப் ‘பதிப்புரிமை’ நன்றாகவே பொருந்துகிறது. இசைக்கும் படத்துக்கும் அது சற்று இறுக்கம்தான். ‘படியுரிமை’ என்றால் விரியும். ஆனால் ‘படி’ என்றதும் மாடிப்படியும் அரிசிப்படியும் வந்து நிற்கின்றன.

அடுத்த சிக்கல் நியாயத்தைப் பற்றியது. அனுமதி கேட்காமல் எதை, எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு அமெரிக்கச் சட்டம் சொல்வது ‘நியாயப் பயன்பாடு’ (ஃபேர் யூஸ்). 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு நான்கு கேள்விகளை வைத்து அதை எடைபோடச் சொல்கிறது: பயன்படுத்தும் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு நேரும் பாதிப்பு. நம்முடைய 1957-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது ‘நியாயமான கையாளுகை’ (ஃபேர் டீலிங்). 52-ஆவது பிரிவு விலக்குகளை வரிசையாக அடுக்குகிறது. இரண்டையும் ஒன்றாக எழுதுவதால்தான் ‘பத்து சதவீதம் வரை எடுக்கலாம்’ போன்ற கதைகள் உலவுகின்றன. அந்தப் பிரிவில் அப்படி ஒரு கணக்கே இல்லை.

ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயனுக்கான நியாயமான கையாளுகைக்கு அங்கே இடமுண்டு. கற்பிக்கும்போது ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பதும் மீறல் ஆகாது. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலை, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் தன் பயனுக்கு மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளலாம். தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தின் ராமேஸ்வரி போட்டோகாப்பி கடை பாடப்பகுதிகளைத் தொகுத்து நகலெடுத்து விற்றது என்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2012-இல் வழக்குத் தொடுத்தன. 2016 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பக்கக் கணக்கைவிடக் கற்பித்தலுக்கு அது தேவையா என்பதையே பார்த்தது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன.

சித்தூர் அறிவிப்புக்குத் தமிழ் வரியை மாற்றி எழுதிக் கொடுத்தேன்: ‘பதிப்புரிமைச் சட்டம் பொருந்தும். படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய பக்கங்களை நியாயமான அளவில் நகலெடுக்கலாம்.’ மலையாள வரியைத் தொடவில்லை. அது முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்தது.