பூச்சு களைதல்

பினாங்கு லோரோங் குலிட் பழம்பொருள் சந்தையில் கேமரா லென்ஸ் வாங்குகிறவர்கள், முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பார்ப்பார்கள். முகப்பில் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தால், "கோட்டிங் உரிந்துவிட்டது" என்பார்கள். குலிட் என்றால் மலாயில் தோல். உரிதல் தோலுக்குப் பொருந்தும், லென்ஸுக்குப் பொருந்தாது.

லென்ஸ் ஒளியைத் திருப்பிவிடுவதைக் குறைக்க அதன் மேல் இடும் மெல்லிய அடுக்குதான் கோட்டிங். அந்தச் சொல்லின் வேர், மேலே அணியும் கோட்டு. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. தமிழில் முலாம், படலம், பூச்சு என மூன்று சொற்கள் புழங்குகின்றன. முலாம் அரபு, பாரசீக வழி வந்தது. பொன்னையும் வெள்ளியையும் போல மினுக்குவதற்கு உரியது. லென்ஸின் மேல் இருப்பதோ மினுக்கத்தைக் குறைப்பது. படலத்தை நான் ஏற்கவே மாட்டேன். கண்ணில் படலம் என்றால் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது பார்வையை மறைக்கும் நோய். ஒளிக்கு வழிவிடும் ஒன்றுக்கு அந்தப் பெயரா? பூசு என்ற வினையில் பிறந்த பூச்சு போதும்.

கையால் பூசுவதில்லை என்பது உண்மைதான். வெற்றிடத்தில் மக்னீசியம் ஃபுளோரைடை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பூச்சில்லாத கண்ணாடி ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பிவிடும். இந்தப் பூச்சு அதை ஒன்றரை விழுக்காடு அளவுக்குக் குறைக்கிறது. ஜெர்மனியின் ஜெய்ஸ் லென்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் உருவாக்கிய முறை இது. அதற்கு முன்பே, 1890களில், டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் காலத்தால் கறையேறிய லென்ஸ் புதியதைவிட அதிக ஒளியைக் கடத்துவதைக் கவனித்திருந்தார். கறையே வழிகாட்டியிருக்கிறது!

நம் ஊர் ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூசணம் பூக்கிறது. அது சுரக்கும் அமிலம் பூச்சை அரிக்கிறது. அப்போது கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பொடியை நீரில் குழைத்து, பரப்பு முழுவதும் ஒரே சீராகத் தேய்த்தெடுக்கிறார்கள். இதற்குக் களைதல் என்பதே சரியான வினை. ஆடையையும் களைகிறோம், குற்றத்தையும் களைகிறோம். வேண்டாதது என்று தெரிந்தே நீக்குவது அது. நல்ல பூச்சில் இரண்டு கீறல் விழுந்ததற்காக இதைச் செய்யக் கூடாது. களைந்தபின் எதிர்வெளிச்சத்தில் படம் வெளிறும். தேய்ப்பு பிசகினால் கண்ணாடியின் வளைவே கெடும்.

களைந்த லென்ஸை விற்கும்போது 'பூச்சு களைந்தது' என்று எழுதி ஒட்டுங்கள். 'உரிந்தது' என்று எழுதினால், தானாகக் கெட்டது என்றே வாங்குபவர் எடுத்துக்கொள்வார்.